தலையாட்டலை நம்பாதே

தம்பி,

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கூட்டிப்போய், வெளியே காருக்குள் காத்திருந்தவள் நான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். டொச்சில், இந்த ஜேர்மன் மொழியில், எழுதினால் ரயிலில் நின்றபடியே ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டு, ‘ஓகே அம்மா’ என்று ஒரு வரி அனுப்பிவிடுவாய். இதை அப்படி வாசிக்கக்கூடாது. உனக்குத் தெரிந்த சில விடயங்களையும் விளக்கமாக எழுதியிருக்கிறேன். நம்முடைய சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள்; நீ சம்மதித்தால் இதையே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இந்தக் கொலோன் நகரில் மட்டும் எங்களைப் போல எத்தனை வீடுகள் இருக்கும் என்று நினைத்துப் பார். உன் பெயர் வராது.

போன மாதம் எங்கள் குசினியில் நின்று நீ என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “அம்மா, உங்களுக்கு உலகத்தில எல்லாரும் கள்ளர். வாற ஒவ்வொரு மனிசரையும் நீங்கள் பரீட்சை எழுத வைக்கிறீங்கள்.” நான் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். பதில் இல்லாமல் இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீடுகளுக்குப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் நிறுவனங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றனவா என்று பார்ப்பது என் தொழில். ஒரு நிறுவனத்தின் பட்டியலில் இருந்து சில பேரை எழுமானமாக, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, தெரிவுசெய்து, அவர்களுடைய வீட்டுக்குப் போய், அங்கே வைத்திருக்கும் பராமரிப்புக் குறிப்பேட்டைப் பார்த்து, அவர்களோடு கதைத்து, எழுதுவேன். குறிப்பேட்டை நான் கடைசியாகத்தான் நம்புவேன். எல்லாக் கட்டங்களிலும் சரி அடையாளம் போட்டிருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகம் வரும்.

அதிலும் காது கேளாதவர்களின் வீட்டில் நான் வைத்திருக்கிற சோதனையை உனக்குச் சொன்னதில்லை. காது கேட்காதவர் ஒரு நாளைக்கு நூறு தரம் ‘என்ன?’ என்று கேட்டுக் களைத்துப்போய், ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்குவார். தலையாட்டினால் எதிரில் இருப்பவர் சந்தோசப்படுவார், பேச்சு கெதியாக முடியும். ஆகவே ‘உங்களை நன்றாகப் பார்க்கிறார்களா?’ என்று நான் ஒருபோதும் கேட்பதில்லை. “இன்றைக்குக் காலையில் உங்கள் குதிரைக்குத் தீனி வைத்தாயிற்றா?” என்று சிரித்த முகத்தோடு கேட்பேன். மூன்றாம் மாடியில் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு காதுக் கருவியைச் சரிபார்த்து, எழுதிக் காட்டி, முதலில் இருந்து தொடங்குவேன். கூட இருக்கிற மனைவியோ மகளோ குறுக்கே பதில் சொன்னால் அந்தப் பதிலை நான் கணக்கில் எடுப்பதில்லை. இப்படி எத்தனையோ வருடமாக வேலை செய்கிறவள் தன் வீட்டுக்குள் என்ன செய்தாள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

உன் அப்பாவின் காது இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் போனது. இருபத்தெட்டு வருடம். முதல் இரண்டு வருடம் அவர் காதுக்கவசம் கேட்கவே இல்லை. அகதி விண்ணப்பம் முடியாத ஆள் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டால் வேலை போய்விடும் என்று அறையில் கூட இருந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவரும் நம்பிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் சரியாக இயங்காமல் போக, இரண்டு காதுக் கருவிகளையும் தானாகப் போட்டுக்கொள்வதும் முடியாமல் போயிற்று. காலையில் நான் வேலைக்கு வெளிக்கிட முன்னர் பராமரிப்பு நிறுவனத்தில் இருந்து ஒருவர் வருவார். குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, குளிசை கொடுத்து, கருவிகளைப் போட்டுவிட்டுப் போவார். இரண்டு பேர் மாறி மாறி வந்தார்கள். ஒருவர் திருமதி வேபர், என்னை விடக் கொஞ்சம் மூத்தவர், முகத்தில் சிரிப்பே வராது. மற்றவள் பியாங்கா, உன் வயது இருக்கும், வரும்போதே வாசலில் ‘வணக்கம்’ என்பாள்.

வேலைக்குப் போகிற வீடுகளில் நான் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. அது விதி. பான் நகரில் ஒரு அம்மா எனக்காகவே கேக் செய்து வைத்திருந்தார். நான் மறுத்ததும் கோபித்துக்கொண்டு கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்தவர்களை நான் எதை வைத்து அளந்தேன் என்று நினைக்கிறாய்? தேத்தண்ணியை வைத்து. பியாங்கா ஆறுதலாக இருந்து குடித்தாள். இஞ்சி போட்டதா, ஏலம் போட்டதா என்று கேட்டாள். அவளுடைய அம்மாவின் முழங்கால் வருத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். திருமதி வேபர் முதல் நாளே “வேண்டாம், நேரமில்லை” என்றார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் நான் கேட்கவில்லை. நம்முடைய ஆட்களுக்கு இது உள்ளே ஊறின விடயம். வீட்டில் வாய் நனைக்காத மனிதரை நாங்கள் நல்லவர் என்று எடுப்பதில்லை. என் வீட்டில் தேத்தண்ணிக்குப் போன ஏழு எட்டு நிமிடமும் உன் அப்பாவுக்கு உரிய நேரம் என்பதை, மற்ற வீடுகளில் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுகிற நான் யோசிக்கவில்லை.

ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் பிறகு சாட்சிகள் தானாக வந்து சேரும். திருமதி வேபர் குளியலறைக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் தவிர ஒரு பேச்சும் கேட்காது. பியாங்கா என்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டே இருப்பாள். வீடே கலகலப்பாக இருக்கும். நான் கதவுக்கு வெளியே கையில் மணிக்கூட்டோடு நின்றிருக்கிறேன். இருபத்திரண்டு நிமிடம், ஒரு வார்த்தை இல்லை. ‘தொடர்பாடல் இல்லை’ என்று என் தலைக்குள் தலைப்புப் போட்டுவிட்டேன். அதோடு இன்னொன்று. குளியலறையில் மாட்டியிருக்கிற கலண்டரில், அதுதான் கோயிலில் தந்த முருகன் படம் போட்டது, அந்த மனுசி சின்னச் சின்னச் செம்மஞ்சள் ஒட்டுத்தாள்களை ஒட்டிவைத்திருந்தார். ஒன்று முருகனின் காலடியில் இருந்தது. எனக்கு வந்த கோபத்தை நீ கண்டிருக்கிறாய். அன்றைக்குத்தான் நீ கள்ளர் கதையைச் சொன்னாய்.

நீ போன அடுத்த நாள் நான் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன குறை என்று அங்கத்தைய பொறுப்பாளர் கேட்டார். தேத்தண்ணியைப் பற்றியும் முருகனைப் பற்றியும் சொல்ல முடியுமா? “கேள்திறன் குறைந்தவருடனான தொடர்பாடல் போதாது” என்றேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் திருமதி வேபர் வரவில்லை. எல்லாக் காலையும் பியாங்கா வந்தாள். இதை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதல் தரம் எழுதுகிறேன்.

இனி உன்னுடைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஹம்பேர்க்கில் வேலை கிடைத்ததை அப்பாவுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று பானில் இருந்து வந்தாய். நீ ஜன்னலோடு நின்றாய். வெளிச்சம் உன் முதுகுப்பக்கம். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. “அப்பா, ஹம்பேர்க்கில வேலை கிடைச்சிட்டுது. வாற வெள்ளி வெளிக்கிடுறன். இனி மாதத்துக்கு ஒருக்காத்தான் வர ஏலும்” என்றாய். அப்பா உன்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். “ஓம் ஓம். நல்லது. கவனமாய்ப் போ” என்றார். நீ அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். உன் கண் கலங்கியதை நான் கண்டேன். அப்பா இவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டார் என்று படியில் இறங்கும்போது என்னிடம் சந்தோசமாகச் சொன்னாய். ‘கவனமாய்ப் போ’ என்பது அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிற வசனம் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை, அந்த நிறுவனத்துக்குப் பரிசோதனை. வேறு மாவட்டத்துப் பரிசோதகர், எனக்குப் பழக்கமில்லாத ஒரு ஆண். எழுமானத்தில் எங்கள் வீடும் விழுந்திருந்தது. நான் லீவு எடுத்து நின்றேன். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பார்த்தேன், சிரிக்காதே. அவர் மறுத்துவிட்டு, கதிரையைத் தூக்கிப்போய் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அப்பாவுக்கு எதிரில் போட்டுக்கொண்டு இருந்தார். “காலையில் வருகிறவர் முதல் வேலையாக என்ன செய்வார்?” என்று கேட்டார். “முதலில் குளிசை கொடுத்து...” என்று நான் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். “மன்னிக்கவும். நான் உங்கள் கணவரிடம் கேட்டேன்.” அப்பா அவருக்குத் தலையாட்டினார். “யா, யா. குட்.”

பரிசோதகர் அப்பாவின் காதைச் சுட்டிக்காட்டி அனுமதி கேட்டு, இரண்டு கருவிகளையும் கழற்றினார். ஒன்றைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கையைப் பொத்தினார். வேலை செய்கிற கருவி அப்படிப் பொத்தினால் கீச்சென்று சத்தம் போடும். அது போடவில்லை. மற்றதும் போடவில்லை. அறைக்குள் மூன்று பேரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். குறிப்பேட்டில் ஒவ்வொரு காலைக்கும் நேராக, ‘கருவி பொருத்தப்பட்டது’, சரி அடையாளம், பியாங்காவின் கையெழுத்து. பொய்யில்லை. பொருத்தித்தான் இருந்தாள். “கடைசியாக எப்போது பட்டரி மாற்றினீர்கள்?” என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் கை கழுவக் குளியலறைக்குப் போனவர், அங்கிருந்து கூப்பிட்டார். “இதோ, இங்கே ஒழுங்காக அடையாளம் வைத்திருக்கிறீர்களே.” முருகன் கலண்டர். புதுப் பட்டரியின் முதுகில் ஒரு செம்மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும். மாற்றுகிற அன்று அதை உரித்துத் திகதியில் ஒட்டிவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியும். திருமதி வேபர் செய்த வேலை. கடைசி ஒட்டுத்தாள் இருபது நாளுக்கு முந்தியது. அந்தப் பட்டரி பத்து நாளுக்கு மேல் நிற்காது.

நீயே கணக்குப் பார்த்துக்கொள். நீ ஜன்னலோடு நின்று கதைத்தபோது அப்பாவின் காதில் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் துண்டு. அன்றைக்கே ஒரு கிழமையாக அவர் எங்கள் நடுவில் ஒன்றுமே கேட்காமல் இருந்திருக்கிறார். கூடவே இருந்த நான் கவனிக்கவில்லை. நான் அவரிடம் கேட்கிற கேள்விகள் எல்லாம் ‘ஓம்’ என்பதோடு முடிகிற கேள்விகள். சாப்பிடுறீங்களோ, படுக்கிறீங்களோ, குளிசை போட்டாச்சோ. அவருடைய பதில் எனக்குத் தேவைப்படவே இல்லை என்பதுதான் விளக்கம். வேறு வீடாக இருந்தால் நான் இதை மிகக் கடுமையான குறை என்று எழுதியிருப்பேன்.

புதுப் பட்டரி போட்டு, ஒரு கருவியின் குழாயில் அடைத்திருந்த காதுக்குடும்பி அழுக்கைத் துடைத்து எடுத்தபிறகு அப்பாவிடம் கேட்டேன், “இஞ்சாருங்கோ, கேக்கேல்லை எண்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், “சொன்னால் நீர் அந்தப் பிள்ளையையும் அனுப்பிப்போடுவீர். பிறகு ஆர் வருவினம்?” திருமதி வேபர் குளிக்க வார்க்கும்போது என்ன செய்வார் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். தண்ணீர் படும் என்பதால் கருவியைக் கழற்றிவிட்டு, முன்னால் வந்து குந்தி, கையால் காட்டுவாராம். தண்ணீர் சூடா, போதுமா, எழும்பலாமா, எல்லாவற்றுக்கும் இவர்கள் இரண்டு பேரும் சைகை வைத்திருக்கிறார்கள். என்னைக் குறிக்கவும் ஒரு சைகை இருக்கிறதாம். என்ன என்று சொல்ல அப்பா மறுத்துவிட்டார். நான் வெளியே நின்று கணக்கெடுத்த இருபத்திரண்டு நிமிட அமைதியில் இந்த வீட்டிலேயே ஆகக் கூடுதலான பேச்சு நடந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அப்பா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி ஏன் இந்தக் கிழமை வரேல்லை?” என்றார். “அவன் ஹம்பேர்க் போட்டான் எல்லே. உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே போனவன். நீங்கள் ஓம் எண்டனீங்கள்.” கருவி வேலை செய்தது, நன்றாகக் கேட்டது. ஆனாலும் “எழுதும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். “நான் எல்லாத்துக்கும்தானே ஓம் எண்டுறன்” என்றார். அன்றிரவு நீ தொலைபேசி எடுத்தபோது ‘இங்கை எல்லாம் சுகம்’ என்று உனக்குச் சொன்னேன். அதற்குப் பிறகும் மூன்று தரம் சொன்னேன். அது பொய். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருமதி வேபரைத் திரும்ப அனுப்பச்சொல்லிக் கேட்டேன். அவர் இப்போது நகரின் வேறு பக்கத்து வீடுகளுக்குப் போகிறார், மாற்ற ஏலாது என்று பொறுப்பாளர் மரியாதையாகச் சொன்னார். என்னை மறுத்ததில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததாகக்கூட எனக்குப் பட்டது. அதை அப்பாவுக்குச் சொன்னதும் அவர் தாளும் பேனையும் கேட்டார். “நான் எழுதுறன். நீர் பாக்க வேண்டாம்.” அவர் டொச் மொழியில் முழுக் கடிதம் எழுதி நான் கண்டதில்லை, முப்பது வருடமாக இந்த வீட்டில் எல்லா விண்ணப்பமும் என் கைதான். ஒரு நாள் முழுக்க இருந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். முகவரி எழுத உறையைத் தந்தபோது முதல் வரி மட்டும் என் கண்ணில் பட்டது. அதிலேயே இரண்டு பிழை. திருத்தக் கை துடித்தது. திருத்தியிருந்தால் அது என்னுடைய கடிதமாகிவிடும், அங்கே அவர்களும் என்னுடைய கடிதமாகவே வாசித்திருப்பார்கள். அப்படியே தபாலில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது, அப்பாவின் பெயருக்கு. திருமதி வேபர் கிழமையில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் பியாங்கா. கருவி பற்றி அவளுக்குத் திருமதி வேபரே காட்டிக்கொடுப்பார். பியாங்காவை நான் குற்றம் சொல்லவில்லை. காலையில் அத்தனை வீடு ஏறி இறங்குகிற அந்தப் பிள்ளைக்கு உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பார் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருமதி வேபர் வந்த முதல் நாள் நான் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் சப்பாத்துக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னார், “நீங்கள் வெளியே நின்றது எனக்குத் தெரியும். கதவுக் கண்ணாடியில் உங்கள் நிழல் விழும். நில்லுங்கள். ஒருவருமே வெளியே நிற்காத வீடுகளும் எனக்கு இருக்கின்றன.” அந்த முகத்தில் அப்போதும் சிரிப்பு இல்லை.

ஆகவே, தம்பி, சந்தேகப்படாதே என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. உனக்கு இனித் தனி வீடு, நாளைக்கு ஒரு பெண் வருவாள், பிள்ளைகள் வருவார்கள். உன்னிடம் தலையாட்டுகிறவர்களைச் சந்தேகப்படு. அதிலும் உன்னைச் சந்தோசப்படுத்தத் தலையாட்டுகிறவர்களை. உன் கோபத்துக்குப் பயந்து ஆராவது ‘ஓம்’ என்கிறார்களா என்று அடிக்கடி பார். நான் மற்றவர்களை எல்லாம் பரிசோதித்தேன்; என் வீட்டில் எனக்குப் பயந்து ஒருவர் வாய் மூடி இருந்ததை என் படிப்பும் என் அனுபவமும் காட்டித் தரவில்லை. அப்பாவோடு கதைக்கும்போது வெளிச்சத்தை உன் முகத்தில் வைத்துக்கொள். கிரிக்கெட்டை நிற்பாட்டு. ‘விளங்குதோ அப்பா?’ என்று கேட்காதே. நீ சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேள். குறுக்கே நான் பதில் சொன்னால், கையை உயர்த்து. எனக்குக் கோபம் வரும். வரட்டும்.

நேற்று அப்பா உனக்கென்று ஒரு தாள் எழுதினார். ஒற்றைக் கையால் உறைக்குள் வைக்கக் கஷ்டப்பட்டார். நான் எழும்பினேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்து, திருமதி வேபரைக் கூப்பிட்டார். அவர் உறையை விரித்துப் பிடிக்க, அப்பா தாளை உள்ளே தள்ளி, நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினார். பிறகு அந்த மனுசியைப் பார்த்து விரலால் ஏதோ ஒரு சைகை காட்டினார். முதல் தடவையாகத் திருமதி வேபர் சிரித்ததைக் கண்டேன். “என்ன எழுதினீங்கள்?” என்று கேட்டேன். நன்றாகக் கேட்டது அவருக்கு. “நீர் சும்மா இரும்” என்றார்.

அந்த உறையை இதோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பற்றியும் ஏதாவது இருக்கும். வாசித்துவிட்டு அவருக்குப் பதில் எழுது, எனக்கில்லை.

அம்மா